மெட்டில் இந்திய அணி

போடிக்கு மேலே, கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர், உள்ளே நாலைந்து பெஞ்சு. நான் போடியில் பலசரக்குக் கடைக்காரர் மகள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்த கையோடு கல்யாணம் செய்துவைத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த புதிதில் அந்தக் குளிரும் பனிமூட்டமும் பிடிக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியாத ஊரில் எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று பயந்தேன். பிறகு அடுப்பு இருக்கிற இடம்தான் நம் ஊர் என்று பழகிப்போனது.

எங்க வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். விடிந்ததும் கீழே இறங்கி, ஏலத்தோட்டத்தில் காயெடுக்க வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் அவர்களைக் கொண்டுபோய் விடுவார். நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் பந்துதான். கீழே போடியில் கபடிக்குக் கூட்டம் சேரும். மெட்டில் மலையாளத்து ஆட்கள் அதிகம், அவர்களுக்குக் கால்பந்து என்றால் சோறு வேண்டாம். எஸ்டேட் ஆட்களும் லோடு ஏற்றுகிறவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். அதில் இவர் கோல்கீப்பர். ஆள் நல்ல உயரம், கை இரண்டும் முருங்கைக்காய் மாதிரி நீளம். மழையில் ஆடிவிட்டு உடம்பெல்லாம் சகதியோடு வந்து நிற்பார்.

"ஒரு பந்துக்கு இத்தனை ஆம்பளைகளா? ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்தாச் சண்டையே இல்லேல்ல?" என்பேன்.

"உனக்கு என்ன தெரியும் புள்ள, போய் வெந்நி வையி" என்பார்.

கடையில் ஒரு ரேடியோ இருந்தது. இந்தியக் கால்பந்து அணி எங்கே ஆடினாலும் அவர் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். வர்ணனை இந்தியிலோ இங்கிலீஷிலோ வரும். அவருக்கு இரண்டும் தெரியாது. ஆட்களின் பெயரையும் கூட்டத்தின் சத்தத்தையும் வைத்தே பந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. மழை விடாமல் பெய்தது. அன்று காலை ஜீப்பு இறங்கவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், கீழேயிருந்து ஒரு தனி பஸ்சு முனகிக்கொண்டே ஏறி வந்து எங்கள் கடைக்கு எதிரே நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "பூப்பாறை ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம்ல, உண்மையாத்தா?" என்று கேட்டார்.

உண்மைதான். பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்து, மேலே இருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு ரோட்டில் விழுந்திருந்தது.

"அப்பத் திரும்பிக் கீழே போயிர வேண்டியதுதான்" என்றார் டிரைவர். அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஏறி வந்த லாரிக்காரர், தனக்குப் பின்னால் வளைவில் ஒரு பாறை உருண்டு வழியை அடைத்துவிட்டதாகச் சொன்னார். ஆக, மேற்கொண்டும் போக முடியாது, திரும்பிக் கீழேயும் போக முடியாது.

பஸ்சிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். எல்லாரும் வாட்டசாட்டமான வாலிபர்கள். ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரிப் பை. ஒருவன் மட்டும் இறங்கின வேகத்தில் ரோட்டோரம் குத்தவைத்து வாந்தி எடுத்தான். மலை வளைவு எல்லார் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. நான் ஒரு சொம்புத் தண்ணீரும் உப்புப் போட்ட எலுமிச்சையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களைப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக் கூட்டிப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மண்சரிவைப் பார்த்துவிட்டு நனைந்தபடி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சின்மேல் கிடந்த ஒரு பையைப் பார்க்கிறார், அந்த ஆட்களைப் பார்க்கிறார், திரும்பவும் பையைப் பார்க்கிறார். அதில் இங்கிலீஷில் இந்தியா என்று எழுதியிருந்தது. நேரே அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

"புள்ள, யாரு வந்திருக்கான்னு தெரியுமா?"

"யாரு?"

"இந்தியா."

"என்னது?"

"இந்தியாவே வந்திருக்கு புள்ள. நம்ம கடைக்கு."

தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்காமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டார். ரேடியோவில் பெயராகக் கேட்டவர்களெல்லாம் ஆளாக வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து தலை துவட்டுகிறார்கள். அவர்களிடம் போய்ப் பேச இவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர் இருந்தார். கண்டோன்மெண்டுப் பக்கம் பிறந்தவர், வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். அவர்தான் எங்களிடம் பேசினார். பயிற்சி முகாமை முடித்துவிட்டு வருகிறார்கள். மதுரையில் ஒரு காட்சிப் போட்டி ஆடிவிட்டுக் கொச்சிக்குப் போகிற வழி. இந்த வழி குறுக்கு வழி என்று யாரோ சொன்னார்களாம்.

"அக்கா, சாப்பாடு இன்னா இருக்குது? பசங்க காலைலேந்து எதுவும் துன்னல" என்றார்.

நான் அன்றைக்கு மழையைப் பார்த்து ஒரு சின்னப் பானைதான் உலை வைத்திருந்தேன். இவர்களுடைய தோளைப் பார்த்தால் அது மூன்று பேருக்குக்கூடக் காணாது. பின்கதவு வழியாக ஓடி, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் விஷயத்தைச் சொன்னேன். நான் கேட்டது அரிசி மட்டும்தான். அவர்களோ மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்தார்கள், கருவாட்டைக் கொண்டுவந்தார்கள், காந்தாரி மிளகாயைக் கைநிறையப் பறித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மா முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியையே பிடித்துவந்துவிட்டார்.

"மதினி, இந்தியான்னா எத்தனை பேரு வந்திருக்காக?" என்று கேட்டாள் ஒருத்தி.

"கடை கொள்ளாத ஆளு."

"அப்ப இன்னொரு கோழியும் கொண்டாரவா?"

கிழங்கை அவித்து, கோழியை அடித்துப் பொரித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, மிளகாயை உப்போடு அம்மியில் தட்டி வைத்தோம். அணியிலிருந்த கல்கத்தாக்காரர்கள் கிழங்கை முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள், பிறகு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பரிமாறும்போதுதான் அவர்கள் கால்களைக் கவனித்தேன். பூட்சைக் கழற்றிவிட்டு அடுப்புப் பக்கம் நீட்டியிருந்தார்கள். நகம் பெயர்ந்த விரல்கள், முழங்காலுக்குக் கீழே தழும்பின்மேல் தழும்பு, வீங்கி வீங்கிக் கட்டையாகிப்போன கணுக்கால் மூட்டு. ஏலத்தோட்டத்துச் சரிவில் வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற ஆட்களின் கால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட இவை மோசம்.

அவர்களோடு ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஐதராபாத்துக்காரர். வயிறு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. சாப்பிட்டு முடித்ததும் சுக்குக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, அடுப்படிக் கதவில் ஒளிந்து நிற்கும் என் வீட்டுக்காரரைக் காட்டி ஏதோ கேட்டார். பெங்களூர்க்காரர் திரும்பி, "அண்ணன் பந்து ஆடுவாரா, அப்படி நிக்கிறாரேன்னு கேக்குறாரு" என்றார்.

"கோலு காப்பாரு. பேச மட்டும் மாட்டாரு" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் இவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். என்ன தெரிந்துகொள்ள வேண்டும், கேள் என்றார். வேர்க்க விறுவிறுக்க இவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஜகார்த்தாவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்க."

பயிற்சியாளர் கோப்பையைக் கீழே வைத்தார். அறுபத்திரண்டில் ஆசிய விளையாட்டுக்காக ஜகார்த்தாவுக்குப் போன இந்திய அணியில் அவரும் இருந்தார். களத்தில் இறங்கவில்லை, உபரி ஆட்டக்காரராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்தக் கதையை அவர் சொல்லச் சொல்ல, பெங்களூர்க்காரர் தமிழில் சொன்னார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று லயத்துப் பெண்களும் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். சின்ன ஆட்டக்காரர்கள்கூட அரட்டையை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு அது தெரிந்த கதையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அமைதியாகக் கேட்டார்கள்.

ஏதோ அரசியல் தகராறில் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தியர்கள் மேல் கோபம். நம் ஆட்கள் போகிற பஸ்சின்மேல் கல் விழுந்தது. ஜன்னலில் தலை தெரியாமல் தரையில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போனார்கள். முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் தோல்வி. அதன்பிறகு ஓர் ஆட்டத்தில் பின்கள வீரர் ஒருவருக்குத் தலை பிளந்து தையல் போட்டார்கள். அப்படிப்பட்டவரைப் பின்னால் நிறுத்த முடியாது, மோதல் அதிகம். அதனால் கட்டுப்போட்ட தலையோடு அவரை முன்னால் நிறுத்தினார்கள்.

"முன்னால நின்னா மட்டும் மோத மாட்டாங்களா?" என்று ஒரு லயத்துப் பெண் கேட்டாள். பெங்களூர்க்காரர் அதை மொழிபெயர்த்ததும் பயிற்சியாளர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அதையேதான் நாங்களும் கேட்டோம்னு சொல்றாரு."

தலையில் கட்டுப்போட்ட அந்த ஆள் அரையிறுதியில் கோல் போட்டார். இறுதி ஆட்டம், எந்தக் கொரியாவிடம் தோற்றார்களோ அதே கொரியா. மைதானம் நிறைய ஜனம், அத்தனை பேரும் எதிர்ப்பு. நம் தேசிய கீதம் காதில் விழாதபடி கூச்சல் போட்டார்கள். கூட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் யாரோ நமக்காகக் கை தட்டுகிறார்கள். யாரென்று பார்த்தால் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள். தலையில் தையல் போட்டவர் அன்றைக்கும் ஒரு கோல். இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள்.

தகரத்தில் மழை கொட்டியது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அதற்குமேல் பயிற்சியாளர் வாயை மூடவில்லை, விடிய விடியச் சொல்வார் போலிருந்தது. சுதந்திரம் வாங்கின மறுவருஷம் லண்டனுக்குப் போன அணியில் பாதிக்கு மேல் வெறுங்காலோடு ஆடினார்கள் என்றார். அந்த ஊர் ஜனம் திகைத்துப்போய்க் கை தட்டியதாம். பிறகு ஒரு தடவை குளிர்நாட்டில் வெறுங்காலோடு ஆடிப் படுதோல்வி அடைந்தார்கள், அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் பூட்சு கட்டாயமானது. பிறகு மெல்போர்ன். உலகமெல்லாம் கூடுகிற ஒலிம்பிக்கில், அந்த ஊர்க்காரர்களான ஆஸ்திரேலியாவையே அவர்கள் மண்ணில் தோற்கடித்து நான்காம் இடம்.

வெறுங்கால் என்றதும் லயத்துப் பெண்கள் எல்லாரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். அட்டை கடித்த தழும்பும் சேற்றுப்புண்ணுமாக இருந்த அந்தக் கால்களைப் போன்ற கால்கள்தான் லண்டன் வரைக்கும் போய்க் கை தட்டு வாங்கின என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நடந்திருக்கிறது, நமக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று இருந்தது. பந்துக்கு இத்தனை ஆம்பளைகளா என்று கேலி பேசிய வாய் அன்றைக்கு அடைத்துப்போனது.

அவர்களைப் படுக்கவைக்க எங்களிடம் இடமில்லை. எஸ்டேட் சூப்பர்வைசரிடம் பேசி, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் இடம் வாங்கிக் கொடுத்தோம். உள்ளே சூட்டுக்குழாய் ஓடுவதால் மலையிலேயே கதகதப்பான கட்டடம் அதுதான். காலையில் எழுந்து வந்தவர்கள் மேலெல்லாம் ஏலக்காய் மணத்தது.

மழை விட்டிருந்தது. ரோடு சரியாவதற்கு மத்தியானம் தாண்டும் என்றார்கள். ஓடாமல் கிடந்தால் கால் பிடித்துக்கொள்ளும், எங்காவது சமதரை இருக்கிறதா என்று பயிற்சியாளர் கேட்டார். லாரிகள் திரும்புகிற மண்மேடை ஒன்றுதான் மெட்டில் தட்டையான இடம். இரண்டு பக்கமும் மூங்கிலை நட்டு எங்கள் ஆட்கள் அதில்தான் ஆடுவார்கள். ஒரு ஓரம் சரிவு. பந்து அங்கே போனால் ஏலச்செடிக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

"உங்க ஆளுங்கள வரச்சொல்லு, ஒரு ஆட்டம் போடலாங்குறாரு" என்றார் பெங்களூர்க்காரர்.

செய்தி எப்படிப் பரவியது என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் மெட்டில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. காயெடுக்கப் போனவர்கள் கூடையோடு சரிவில் வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு யாரும் அவர்களை விரட்டவில்லை, சூப்பர்வைசரே குடையோடு வந்து நின்றுவிட்டார். எங்கள் அணி ஆட்கள், லோடுமேனும் டீக்கடைக்காரரும் தபால்காரரும் மலையாளத்துத் தையல்காரரும், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்கள் மாதிரி தலைசீவி வந்து நின்றார்கள்.

முதல் நாள் ரோட்டோரம் வாந்தி எடுத்தவன்தான் இந்தியாவின் கோல்கீப்பர். அன்றைக்கும் அவனுக்குத் தலை நிமிரவில்லை. இன்னொரு கோல்கீப்பர் நேராகக் கொச்சிக்கு வருகிறாராம். பயிற்சியாளர் சுற்றிப் பார்த்தார். எங்கள் அணிக் கோலில் நின்ற என் வீட்டுக்காரரை விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கம் வந்து நில்லுங்குறாரு அண்ணே."

"நானா? எந்தப் பக்கம்?"

"எங்க பக்கம். இந்தியாவுக்கு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தபோதுகூட அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. "போங்க" என்று கையைக் காட்டினேன். கோல்கீப்பர் தன் சட்டையைக் கொடுத்தான். அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போட்டார்.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் ஆடும்போது பந்து இருக்கிற இடத்துக்கு எல்லாரும் ஓடுவார்கள். இவர்களோ நின்ற இடத்திலேயே நிற்பது போலிருந்தது, பந்துதான் ஓடியது. ஒருவர் காலிலிருந்து கிளம்பும்போதே அடுத்தவர் அது வந்து சேரும் இடத்தில் இருப்பார். பெங்களூர்க்காரர் பேசும்போது சாதாரண ஆள். பந்து காலில் பட்டதும் வேறு ஆளாகிவிட்டார். லோடுமேன் மூன்று பேர் சூழ்ந்து நிற்கிறார்கள், அவர் உடம்பை லேசாக ஆட்டுகிறார், மூன்று பேரும் மூன்று திசையில் போகிறார்கள், பந்து அவரோடு இருக்கிறது. சரிவில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று, மூச்சுப் பிடித்துப் பார்த்தார்கள்.

நடுவில் பனி ஏறியது. மெட்டில் அது சொல்லிக்கொள்ளாமல் வரும். ஆட்கள் மறைந்துவிட்டார்கள், பந்து மறைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் நின்றுவிட்டார்கள், பழக்கம் அப்படி. ஆனால் பந்தின் சத்தம் நிற்கவில்லை. தொப்பென்று ஒரு உதை, ஒரு சின்னக் கூவல், அங்கிருந்து இன்னொரு உதை. கண் தெரியாத வெள்ளைக்குள் அவர்கள் குரலை வைத்தே பந்தைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பனி விலகியபோது பந்து எங்கள் ஆட்கள் கோலுக்குள் கிடந்தது. எப்போது போனதென்று, என் வீட்டுக்காரருக்குப் பதிலாக அங்கே கோல் காத்த தையல்காரருக்கே தெரியவில்லை.

இதற்கெல்லாம் நடுவே என் வீட்டுக்காரருக்கு வேலையே இல்லை. தனியாக நின்றுகொண்டிருந்தார். பந்து அவர் பக்கம் வரவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில்தான் அது நடந்தது. இந்திய அணியின் பின்கள வீரர் ஒருவர், பஞ்சாபி, பனைமரம் மாதிரி ஆள், சேற்றில் வழுக்கி விழுந்தார். பந்து லோடுமேன் காலில் மாட்டியது. அவனுக்கும் கோலுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவன் தயங்கினான். இந்தியாமேல் அடிக்கலாமா கூடாதா என்று யோசித்திருப்பான்.

"அடிடா மாப்ளே! நின்னுக்கிட்டு என்ன பாக்குற? அடி!" என்று என் வீட்டுக்காரரே கத்தினார்.

அடித்தான். மூட்டை தூக்குகிற காலின் அடி. இவர் பாய்ந்தார். விரல் நுனி பட்டது, பந்து மூங்கிலில் மோதிக் கோட்டுக்கு முன்னால் விழுந்து மெதுவாகக் கோட்டை நோக்கி உருண்டது. இவர் தரையில் கிடக்கிறார், எழுந்திருக்க நேரமில்லை. அப்போது, விழுந்த அந்தப் பஞ்சாபி எப்படி எழுந்தார், எப்படி அத்தனை தூரம் வந்தார் என்று தெரியாது, சேற்றில் நெஞ்சுபட வழுக்கிக்கொண்டு வந்து, கோட்டின்மேலிருந்த பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளிவிட்டு, அதே வேகத்தில் மூங்கிலில் போய் மோதினார். மூங்கில் முறிந்தது. அவர் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் உட்கார்ந்து சிரிக்கிறார். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்த மஞ்சள்தூளை வைத்து அமுக்கிக்கொண்டே எனக்குக் கோபம் வந்துவிட்டது. "லோடு தூக்குறவங்களோட ஆடுற ஆட்டம்ங்க இது. பந்து உள்ள போனாத்தான் என்ன? கண்ணு போயிருந்தா?" என்றேன். பெங்களூர்க்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த ஆள் ஒரே வரியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"இந்தியா சட்டை போட்டிருந்தேனேங்குறாரு அக்கா."

ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் பையன், சட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னான். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பயிற்சியாளர் குறுக்கே வந்து தலையை ஆட்டினார். இவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார், பெங்களூர்க்காரர் தமிழில் சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனைக்காத. உன்னையும் புடிச்சிருக்கு, நீ தொட்ட பந்தும் நல்லா இருந்துச்சு. ஆனா இந்தச் சட்டைய யாரும் தானமாக் குடுக்க முடியாது, தேர்வாகித்தான் போடணுங்குறாரு. இன்னைக்கு நீ போட்டது ஆள் இல்லாததால."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு சட்டைதானே, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். சட்டையைக் கழற்றி, பின்பக்கம் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு அலசி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்சு போன பிறகு கேட்டேன். "குடுக்கலைன்னு வருத்தமா இல்லையா?"

"குடுத்திருந்தாத்தான் வருத்தம் புள்ள. எனக்கே குடுக்குற சட்டைன்னா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

அதைக் கேட்டு நான் அவரைப் புதிதாகப் பார்த்தேன். அதற்குமுன் இவ்வளவு வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினேன் என்று இருந்தது.

போடியில் யாரும் இதை நம்பவில்லை. என் அண்ணன் கடையில் உட்கார்ந்து சிரித்தார். "மெட்டுல பனி ஜாஸ்தி, அதுக்குள்ள யாரு வந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். என் வீட்டுக்காரர் வாதாடவில்லை. நான்தான் சண்டை போட்டேன்.

அந்த நாளுக்குப்பிறகு ரேடியோ முன்னால் நானும் உட்கார்ந்தேன். நம் அணி முன்போல் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கெங்கோ போய்த் தோற்றார்கள். டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது, கால் இறுதியில் சவுதிக்காரர்களிடம் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. இவர்தான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்.

அதற்கு அடுத்த வருஷம், வெளிநாட்டு அணிகள் கொச்சிக்கு வந்து நம் அணியோடு ஆடுகின்றன என்று கேள்விப்பட்டதும், கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். மூணாறு வழியாகப் பஸ்சு மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவ்வளவு ஜனத்தை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. மரத்தின்மேல், கூரையின்மேல், சுவரின்மேல் எல்லாம் தலை. பெண்கள் மிகக் குறைவு. பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "சேச்சி, இவிடே இரிக்கூ" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நம் ஆட்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். எங்கள் கடையில் சாப்பிட்ட ஒருவர்கூட அதில் இல்லை. எல்லாம் புதுப் பையன்கள். எதிரே நின்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்கள் தோள் உயரம்தான் இருந்தார்கள். தேசிய கீதம் ஆரம்பித்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் கையைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார், அவர் உதடு மட்டும் அசைந்தது.

அன்றைக்கும் தோற்றோம். ஆனால் முதல் பாதியில் நம் பையன் ஒருவன் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே புகுந்து பந்தோடு கிளம்பினான். கூட்டம் முழுக்க எழுந்தது. நானும் எழுந்தேன். "போடா தம்பி, போ! வெரசாப் போ!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.